அழுத்தத்துக்கு உள்ளான சொற்கள்: நசுங்கியதா, நசுக்கியதா?

கேள்வி இதுதான்: ஒரு குறுக்கெழுத்துப் புதிரில் ‘அழுத்தத்துக்கு உள்ளான’ என்ற குறிப்புக்கு ஐந்து கட்டங்கள் தரப்பட்டுள்ளன; கடைசிக் கட்டத்தில் ‘ய’ விழுந்திருக்கிறது; விடை என்ன, இதே பொருளில் வேறு எந்தச் சொற்கள் புதிர்களில் வரக்கூடும் என்று கேட்கப்பட்டிருக்கிறது.

இந்த அளவு தகவலுக்கு ஒரே விடை கிடையாது. நசுங்கிய, அமுங்கிய, சுருங்கிய, ஒடுங்கிய, கசங்கிய, அழுந்திய ஆகிய ஆறும் ஐந்தெழுத்துச் சொற்கள். ஆறும் ‘ய’ என்றே முடிகின்றன. தமிழ்ப் புதிர்களில் மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதால் ந, சு, ங், கி, ய என்று எண்ண வேண்டும். முதல் எழுத்தோ இரண்டாம் எழுத்தோ வேறொரு விடையின் வழியாகக் கிடைக்கும்வரை பேனாவை எடுக்காமல் இருப்பது நல்லது. ஆனாலும் ஒன்றை இப்போதே உறுதியாகச் சொல்லிவிடலாம்: மூன்றாம் கட்டத்தில் ‘ங்’ அல்லது ‘ந்’ இருக்க வேண்டும். அங்கே ‘க்’ வந்தால் குறிப்பை எழுதியவர் தவறியிருக்கிறார், அல்லது நாம் வேறொரு கட்டத்தில் தவறியிருக்கிறோம்.

இதற்குக் காரணம் தமிழ் வினைகளின் அமைப்பிலேயே இருக்கிறது. அழுத்தத்தைக் குறிக்கும் நம் சொற்களில் பெரும்பாலானவை இரட்டையாகவே வழங்குகின்றன. அமுங்கு, அமுக்கு, நசுங்கு, நசுக்கு, சுருங்கு, சுருக்கு, ஒடுங்கு, ஒடுக்கு, அடங்கு, அடக்கு, கசங்கு, கசக்கு, நெருங்கு, நெருக்கு, பிதுங்கு, பிதுக்கு, அழுந்து, அழுத்து. ஒவ்வோர் இணையிலும் மெல்லின மெய்யை உடையது தன்வினை. அதாவது அழுத்தத்தைத் தாங்கும் பொருளின் நிலையைச் சொல்வது. வல்லின மெய்யை உடையது பிறவினை. அழுத்துகிறவரின் செயலைச் சொல்வது. பேருந்துக் கூட்டத்தில் தக்காளிப் பை நசுங்கியது என்றால் தக்காளியைப் பற்றிப் பேசுகிறோம். யாரோ அதை நசுக்கினார் என்றால் அந்த ஆளைப் பற்றிப் பேசுகிறோம். இலக்கணத்தில் முன்னதை மென்தொடர்க் குற்றியலுகரம் என்றும் பின்னதை வன்தொடர்க் குற்றியலுகரம் என்றும் பள்ளியில் படித்திருப்போம். வகைப்பாட்டை மனப்பாடம் செய்து ஒப்பித்த நமக்கு, அந்த ஒரு மெய்யெழுத்தே செய்கிறவரையும் படுகிறவரையும் பிரித்துக் காட்டுகிறது என்பதை அப்போது யாரும் அழுத்திச் சொன்னதாகத் தெரியவில்லை.

ங், க் என மாறும் வினைகளோடு இது நிற்பதில்லை. ‘இ’ என்று முடியும் ஈரெழுத்து வினைகளில் இதே வேறுபாடு இறந்தகால எச்சத்தில் வெளிப்படுகிறது. நெரி என்ற வினை நெரிந்த என்றும் நெரித்த என்றும் இரு வழியாகப் பிரியும். செறி என்பது செறிந்த, செறித்த என்றும், மடி என்பது மடிந்த, மடித்த என்றும் பிரியும். எல்லாம் நான்கெழுத்து, எல்லாவற்றிலும் மூன்றாம் எழுத்துதான் பொருளை முடிவு செய்கிறது. திணி என்ற வினைக்கு இன்றைய வழக்கில் திணித்த என்ற வடிவம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆனால் முரஞ்சியூர் முடிநாகனாரின் புறநானூற்றுப் பாடல் ‘மண் திணிந்த நிலனும்’ என்றே தொடங்குகிறது. அங்கே யாரும் எதையும் திணிக்கவில்லை. மண் தானே செறிந்து கெட்டித்திருக்கிறது. இலங்கைப் பள்ளிப் பாடநூல்களில் பொருளின் நிறையைத் திணிவு என்று சொல்லும்போது அந்தப் பழைய தன்வினைப் பொருள்தான் மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது.

இணையில் சேராதவை இரண்டைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். இறுகு, இறுக்கு என்பதிலும் குறுகு, குறுக்கு என்பதிலும் மெல்லின மெய் இல்லை. தன்வினையில் மூன்று எழுத்து, பிறவினையில் நான்கு எழுத்து. ஆகவே இறுகிய, குறுகிய என்பவை நான்கு கட்டங்களில் அடங்கிவிடும். இறுக்கிய, குறுக்கிய என்பவற்றுக்கு ஐந்து வேண்டும். இங்கே குழப்பத்துக்கு இடமில்லை, எண்ணிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். குறுகு என்ற சொல்லில் இன்னொரு வசதியும் உண்டு. நம் வார இதழ்ப் புதிர்கள் பலவற்றில் வலமிருந்து இடமும் கீழிருந்து மேலுமாகக்கூட விடைகளை எழுதச் சொல்வார்கள். குறுகு என்பதை எந்தத் திசையில் எழுதினாலும் குறுகுதான்.

இனி, ஆறு சொற்களில் எது என்பதைப் பொருளால் எப்படித் தீர்மானிப்பது? அழுத்தம் விலகிய பிறகு பொருளுக்கு என்ன ஆகிறது என்று கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். அமுங்கியது பெரும்பாலும் மீண்டும் எழும். மெத்தை அமுங்கும், பஞ்சு அமுங்கும், சில சமயம் எதிர்ப்புக் குரல்கூட அமுங்கிப் பிறகு எழும். நசுங்கியது எழாது; அதன் வடிவமே போய்விடும். கசங்கியதற்கு வடிவம் போவதில்லை, மடிப்புகள் விழுகின்றன. ஆகவே அது துணிக்கும் தாளுக்கும் பூவுக்கும் உரியது, பித்தளைச் செம்புக்கு உரியதன்று. சுருங்குவதற்கு வெளியிலிருந்து ஒரு விசை தேவையே இல்லை; குளிரில் உலோகம் சுருங்குகிறது, முதுமையில் தோல் சுருங்குகிறது, வருமானமும் சுருங்குகிறது. ஒடுங்குவது அகலத்தில் குறைவது. ஒடுங்கிய கன்னம், ஒடுங்கிய சந்து என்போம். அழுந்துவது இன்னொன்றுக்குள் இறங்குவது. சேற்றில் கால் அழுந்தும், கேட்டது மனத்தில் அழுந்தும். இறுகுவது இளகியிருந்தது கெட்டியாவது. வெல்லப்பாகும் முடிச்சும் முகமும் இறுகும். நெருங்குவதற்கோ ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும். அவற்றின் இடைவெளிதான் குறைகிறது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் ‘வடிவிழந்த’ என்று குறிப்பு வரும்போது நசுங்கிய என்றும், ‘சலவைக்குப் பின் இஸ்திரி கேட்கும்’ என்று வரும்போது கசங்கிய என்றும் தயங்காமல் எழுதிவிடலாம். கேட்டிருப்பவரின் குறிப்பில் ‘அழுத்தம்’ என்ற சொல் நேரடியாக இருப்பதால், சுருங்கிய என்பதைக் கடைசியாக எண்ணிப் பார்ப்பேன். நசுங்கிய, அமுங்கிய இரண்டில் ஒன்றுக்கே வாய்ப்பு அதிகம்.

‘அழுத்தப்பட்ட’ என்று குறிப்பு இருந்து, எட்டுக் கட்டங்கள் இருந்தால் நிலைமை வேறு. நசுக்கப்பட்ட, அமுக்கப்பட்ட, சுருக்கப்பட்ட, ஒடுக்கப்பட்ட, இறுக்கப்பட்ட, நெருக்கப்பட்ட, கசக்கப்பட்ட, நெரிக்கப்பட்ட, திணிக்கப்பட்ட எல்லாமே எட்டெழுத்து. கடைசி ஆறு எழுத்துகள் எல்லாவற்றிலும் ஒன்றே. அதாவது, புதிர் முழுவதும் இரண்டே எழுத்துகளில் இருக்கிறது. மீதி ஆறும் கட்டத்தை நிரப்பும் பஞ்சு. இப்படிப்பட்ட விடையை வைக்கிறவர் உழைப்புக்கு அஞ்சியவர் என்றே கருதுகிறேன். ‘படு’ என்ற துணைவினை தமிழில் இல்லாததன்று. ஆனால் தன்வினை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு எதற்கெடுத்தாலும் ‘பட்ட’ சேர்ப்பது செய்தித்தாள் நடையிலிருந்து புதிருக்குள் நுழைந்த பழக்கம். கதவிடுக்கில் விரல் நசுங்கியது என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். நசுக்கப்பட்டது என்று யாரும் அலறுவதில்லை. விதிவிலக்காக, ஒடுக்கப்பட்ட என்ற சொல்லில் ‘பட்ட’ இன்றியமையாதது. ஒடுங்கிய மக்கள் என்றால் தாமே ஒதுங்கிக்கொண்டவர்கள் போலாகிவிடும். ஒடுக்கப்பட்ட மக்கள் என்னும்போதுதான் ஒடுக்கியவர் ஒருவர் உண்டு என்பது சொல்லுக்குள் நிற்கிறது.

பெயர்ச்சொற்களுக்கு வந்தால் ஐந்து கட்டங்களின் நெருக்கடி இன்னும் கூடுகிறது. அழுத்தம், அமுக்கம், இறுக்கம், நெருக்கம், சுருக்கம், ஒடுக்கம், அடக்கம் ஏழும் ஐந்தெழுத்து. இவற்றில் அழுத்தமும் அமுக்கமும் முதலெழுத்திலும் கடைசி எழுத்திலும் ஒத்திருப்பதால் சண்டைக்கு நிற்கும். தமிழ்நாட்டில் வளிமண்டல அழுத்தம் என்று படித்தவருக்கு அமுக்கம் உடனே தோன்றாது. இலங்கையில் படித்தவருக்கு அதுவே இயல்பான சொல். இங்கே வானிலை அறிக்கையில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று வருவதை அங்கே ஆறே எழுத்தில் தாழமுக்கம் என்று முடித்துவிடுகிறார்கள். சுருக்கத்தில் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதிரை அமைத்தவர் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்று தெரிந்தால் இந்த இடத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒடுக்கம் என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்கலாம். இந்தக் குடும்பத்தில் அதிகம் பயணம் செய்த சொல் அதுதான். சைவ சித்தாந்தத்தில் உலகம் தோன்றி, நின்று, மீண்டும் தன் முதலுக்குள் அடங்குவதைத் தோற்றம், நிலை, ஒடுக்கம் என்பார்கள். தமிழ் முஸ்லிம்கள் சஃபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையை ஒடுக்கத்துப் புதன் என்பார்கள். அங்கே ஒடுக்கம் என்றால் முடிவு, கடைசி. பாத்திரக் கடையிலும் பட்டறையிலும் ‘ஒடுக்கு விழுந்தது’ என்றால் அடிபட்டு உள்வாங்கிய பள்ளம். கார் கதவில் ஒடுக்கு எடுப்பதென்பது அதைத் தட்டிச் சமன் செய்வது. ஆகவே ‘இறுதி’ என்று குறிப்பு வந்து ஐந்து கட்டம் இருந்தால் திண்டாட வேண்டாம், ஒடுக்கம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அடக்கமும் இப்படித்தான்: பணிவு, சவ அடக்கம், ‘வரி அடக்கம்’ என்று விலைச்சீட்டில் எழுதுவது, வியாபாரிகளின் அடக்க விலை என எல்லாம் அதற்குள் அடங்கும்.

சொல்லின் பொருள் காலத்தில் எப்படி நகரும் என்பதற்கு நான் காட்ட விரும்பும் எடுத்துக்காட்டு ‘அடர்’. இன்று அடர்ந்த காடு, அடர்த்தி, அடர் நீலம் என்று செறிவை மட்டுமே அது குறிக்கிறது. தேவாரத்தில் அது வேறு ஆள். ஞானசம்பந்தரின் பதிகங்களில் எட்டாம் பாடல் பெரும்பாலும் இராவணனுக்கென ஒதுக்கப்பட்டது. கயிலையைப் பெயர்க்க முயன்றவனைச் சிவன் கால்விரலால் ஊன்றி மலையின் கீழ் நசுக்கிய கதை அங்கே திரும்பத் திரும்ப வரும். நாவுக்கரசர் தம் பதிகங்களின் இறுதிப் பாடலில் அதைப் பெரிதும் பாடுவார். அவ்விடங்களில் நெரித்தல், ஊன்றுதல் என்பவற்றோடு அடர்த்தல் என்ற வினையும் பயில்கிறது. அரக்கனை அடர்த்தான் என்றால் நசுக்கினான் என்று பொருள். ஆக, அடர்ந்த என்பது தானே செறிந்தது. அடர்த்த என்பது பிறரை நெருக்கி நசுக்கியது. இரண்டும் ஐந்தெழுத்து, இங்கே நான்காம் கட்டத்தின் ந், த் மட்டுமே வேறு. அந்தப் பிறவினை பேச்சிலிருந்து மறைந்துவிட்டாலும் அடர்த்தி என்ற அறிவியல் சொல்லில் அதன் எலும்பு இன்னும் தெரிகிறது. ‘இராவணனுக்கு நேர்ந்தது’ போன்ற குறிப்பை ஒரு நல்ல புதிரில் கண்டால் ஓதுவார்கள் நம்மைவிட முந்திக்கொள்வார்கள்.

சமையலறையிலும் தொழிலிடத்திலும் அழுத்துவதற்கு வழங்கும் சொற்கள் தனி வகை, ஏனென்றால் அங்கே அழுத்தம் என்பதைவிட அதனால் வெளிவருவதுதான் முக்கியம். முறுக்கைப் பிழிகிறோம், தேங்காய்ப் பாலைப் பிழிகிறோம், ஈரத் துணியைப் பிழிகிறோம். ஆனால் செக்கில் எண்ணெயைப் பிழிவதில்லை, ஆட்டுகிறோம். ‘எண்ணெய்க்காக அழுத்து’ என்ற குறிப்புக்கு மூன்று கட்டம் இருந்தால் ஆட்டு என்பதே விடை. பிழி இரண்டிலேயே முடிந்துவிடும். ஊறவைத்த மொச்சையை விரலால் பிதுக்கித் தோலை நீக்கியது பிதுக்கம்பருப்பு. பிழிந்த பின் மிஞ்சுவது கரும்பானால் சக்கை, எள்ளோ கடலையோ ஆனால் பிண்ணாக்கு. இடித்துத் தட்டையாக்கிய நெல் அவல். இயந்திரத்தில் அழுத்திக் கட்டிய பஞ்சு பொதி. இந்தியாவில் ஒரு பொதி 170 கிலோ என்று கணக்கிடுகிறார்கள். பிழி என்ற சொல் சங்க இலக்கியத்தில் கள்ளையும் குறிக்கும் என்பதால் ‘பழைய மது’ என்று இரண்டு கட்டங்களுக்குக் குறிப்பு வந்தால் திகைக்க வேண்டாம்.

எழுத்துப்பிழை காத்திருக்கும் இடங்கள் சில உண்டு. நெரி என்பது நசுக்குவது, நெறி என்பது வழி. செறி என்பது நெருங்குவது, செரி என்பது உணவு சீரணமாவது. இறுக்கு என்பது கட்டுவது, இருக்கு என்பது ரிக் வேதத்தின் தமிழ்ப்பெயர். உச்சரிப்பில் ரகர றகர வேறுபாட்டைத் தொலைத்துவிட்ட நாம் கட்டத்தில் எழுதும்போது தடுமாறுவோம் என்று புதிர் அமைப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

இலக்கணக் குறிப்புகளாக வருபவை வேறு. எழுத்தின் ஒலி தன் மாத்திரையிலிருந்து குறைவதை நம் இலக்கணிகள் குறுக்கம் என்றார்கள். ஒரு மாத்திரை பெற வேண்டிய உகரம் குற்றியலுகரத்தில் அரையாகிறது. அரை மாத்திரை பெற வேண்டிய மகர மெய்யும் ஆய்தமும் சில இடங்களில் கால் மாத்திரையாகின்றன. அமுக்கு, சுருக்கு, ஒடுக்கு என்று இதுவரை பேசிய வினைகளின் இறுதி உகரமும் அப்படி ஒடுங்கியதே. ‘கால் மாத்திரைக்கு ஒடுங்கும்’ என்று மட்டும் குறிப்பு இருந்து நான்கு கட்டம் இருந்தால் மகரம், ஆய்தம் இரண்டுமே பொருந்திவிடும். ‘மெய்’ என்ற சொல்லும் சேர்ந்தால்தான் மகரம் என்று முடிவு செய்ய முடியும். செய்யுளில் சொல்லின் உடல் தேய்வதற்கு முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்ற பெயர்களும், உருபுகள் மறைந்து சொற்கள் ஒட்டி நிற்பதற்குத் தொகை என்ற பெயரும் உண்டு. கரும்பைப் பிழிந்து எடுத்த சாறு என்ற நான்கு சொற்கள் கரும்புச்சாறு என்று ஒன்றாவது இந்த வழியில்தான். குறுக்கெழுத்து என்ற பெயரிலேயே இரு பொருள் ஒளிந்திருக்கிறது: கட்டத்தின் குறுக்கே எழுதுவது ஒன்று, எழுத்தைக் குறுக்குவது மற்றொன்று. திருநெல்வேலிப் பக்கத்தில் குறுக்கு என்றால் இடுப்பு என்பதையும் சேர்த்தால் மூன்று.

விடையை நேரடியாகச் சொல்லாமல் சொல் விளையாட்டில் ஒளித்துவைக்கும் மறைபொருள் குறிப்புகளில் இந்தச் சொற்கள் எப்படி விளையாடும் என்பதற்கு நானே அமைத்த மூன்றை இங்கே தருகிறேன். ‘அழுத்தி இரவில் தேடும் மூலிகை’ என்று ஐந்து கட்டம்: அழுத்தி என்பது அமுக்கி, இரவு என்பது ரா, சேர்த்தால் அமுக்கிரா. அமுக்கரா என்றும் எழுதப்படும் இந்தக் கிழங்குக்கும் அமுக்குவதற்கும் பொருளில் தொடர்பு இருக்க வேண்டியதில்லை, புதிருக்கு ஒலி போதும். ‘அமுக்கத்தின் தலை மாறினால் இரகசியம்’ என்று மற்றொன்று: அகரத்தைக் ககரமாக்கினால் கமுக்கம். ‘மறைந்து நிற்பதை இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம்’ என்று மூன்று கட்டம்: வேற்றுமை உருபு தொக்கு நிற்பதும் தக்காளித் தொக்கும் ஒரே எழுத்துகள். எண்ணத்தை வெளிக்காட்டாதவரை அமுக்குணி என்பதும், தூக்கத்தில் நெஞ்சின் மேல் ஏறி அமர்ந்தாற்போல் உடல் அசைய மறுக்கும் அனுபவத்தை அமுக்குவான் பேய் என்பதும் இன்னும் யாராவது குறிப்பு எழுதக் காத்திருக்கும் சொற்கள்.

புதிர் அமைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். நசுங்கிய, நசுக்கிய போன்ற இணைகளை வைக்கும்போது மூன்றாம் கட்டத்தில் வேறொரு விடை கட்டாயம் குறுக்கிட வேண்டும். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பதால் அந்தக் கட்டத்திலிருந்து புதிய சொல்லைத் தொடங்க முடியாது. மேலிருந்து வருகிற ஒரு சொல்லின் நடுவில்தான் அந்த மெய்யைப் பிடிக்க முடியும். தங்கம், பங்கு, சங்கு என்று ‘ங்’ நடுவில் நிற்கும் சொற்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ‘க்’ நடுவில் நிற்கும் சொற்களுக்கோ கணக்கே இல்லை. அதைச் செய்யாமல் முதல், மூன்றாம், ஐந்தாம் கட்டங்களை விட்டு இரண்டையும் நான்கையும் மட்டும் பிற விடைகளோடு கோத்தால், ‘சு’வும் ‘கி’யும் இரு சொல்லுக்கும் பொதுவாகிவிடும், தீர்ப்பவர் குறிப்பின் சொல்லமைப்பை மட்டுமே நம்பியிருக்க நேரும்.

கேட்டவர் செய்ய வேண்டியதும் அதுவே. முதலில் மூன்றாம் கட்டத்தைக் கடக்கும் விடையைக் கண்டுபிடியுங்கள். ‘ந்’ என்றால் அழுந்திய. ‘ங்’ என்றால் முதல் எழுத்துக்கான விடையைத் தேடுங்கள். ‘ந’ ஆனால் நசுங்கிய, ‘அ’ ஆனால் அமுங்கிய. ‘க்’ என்றே வந்து நின்றால், மேலிருந்து கீழாக எழுதிய விடையை அழித்துவிட்டு அங்கிருந்து மீண்டும் தொடங்குங்கள்.